தம்புரா ஆப் ஆச்சு, வீணை பிளக்-இன் ஆச்சு: தஞ்சாவூர்ப் பட்டறைக்கு மிஞ்சுவது என்ன?

இப்போதெல்லாம் பாட்டு கிளாஸில் டீச்சர் சுருதி சேர்க்க தம்புராவைத் தேடுவதில்லை. போனை எடுக்கிறார், ஆப்பைத் திறக்கிறார், ஐந்தரைக் கட்டையோ இரண்டு கட்டையோ தேர்வு செய்கிறார். அவ்வளவுதான், வகுப்பு தொடங்கிவிடும். ஸ்டுடியோக்களில் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஒரு பிளக்-இன், பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தால் போதும். கட்டையை அழுத்தினால் வீணைச் சத்தம் வருகிறது. விளம்பரம், குறும்படம், ரீல்ஸ் என்று நாம் தினமும் கேட்கும் ‘வீணை’களில் பல இப்படித்தான் பிறக்கின்றன.

தம்புராவுக்கும் வீணைக்கும் பேர்போன ஊர் தஞ்சாவூர். அங்கே பலாக் கட்டையைக் குடைந்து இந்தக் கருவிகளைச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த கருவியின் ஒலி மென்பொருளாக மாறி விற்பனைக்கு வரும்போது அவர்களுக்கு என்ன கிடைக்கும்? சட்டம் தானாகத் தருவது எதுவும் இல்லை. ஆனால் பேரம் பேச அவர்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. அது என்ன என்று புரிந்துகொள்ள, இதே கேள்வியை ஏற்கெனவே சந்தித்த இன்னொரு கருவியையும் பார்க்க வேண்டும். அதன் பெயர் மாட்யூலர் சிந்தசைசர்.

மாட்யூலர் சிந்தசைசர் என்றால் என்ன?

பெட்டி பெட்டியாகப் பிரிந்திருக்கும் மின்னணு இசைக்கருவி இது. ஒரு பெட்டி ஒலி அலையை உண்டாக்கும். இன்னொன்று அதை வடிகட்டும். மற்றொன்று சத்தத்தை ஏற்றி இறக்கும். இந்தப் பெட்டிகளுக்குத்தான் மாட்யூல் என்று பெயர். எதை எதோடு இணைப்பது என்பதை ஒயரைச் செருகி நீங்களே முடிவு செய்யலாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரித்துவிடுகிறார்கள் இல்லையா? எந்த மதகை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்து எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மாறும். இங்கே தண்ணீருக்குப் பதில் மின்னழுத்தம்.

1964-ல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் இதற்கு வடிவம் கொடுத்தார். இந்தியாவுக்கும் இது புதுசு இல்லை. 1969-லேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் சிந்தசைசர் வந்துவிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கே ஸ்டுடியோ அமைக்க உதவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய் உள்ளிட்டவர்கள் அதில் இசையமைத்தார்கள். அந்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டு, 2023-ல் தொகுப்பாக வெளியாயின.

இந்தக் கருவியின் சிக்கல் விலை. ஒவ்வொரு பெட்டியும் பல ஆயிரம் ரூபாய். ஒரு முழு செட் சேர்க்க லட்சங்கள் போய்விடும். 2017-ல் ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் ‘விசிவி ராக்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். பெட்டி, திருகு, ஒயர் எல்லாமே திரையில். ஒரு சாதாரண லேப்டாப் போதும் என்றானது.

ஹார்டுவேர் எப்படி சாஃப்ட்வேர் ஆகிறது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, குறியீட்டை அப்படியே இடம் மாற்றுவது. சில மாட்யூல்களுக்குள் இருப்பதே ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். அதில் ஓடும் கோடை எடுத்து லேப்டாப்பில் ஓடவிட்டால், கிட்டத்தட்ட அதே கருவி கிடைத்துவிடும்.

இரண்டாவது, கணக்குப் போடுவது. மின்சுற்றோ தந்தியோ எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சமன்பாடாக எழுதி, நொடிக்கு 48,000 முறை போலக் கணக்கிட்டு ஒலியை உருவாக்குவார்கள்.

மூன்றாவது, ஒலியைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கவிடுவது. இதுதான் சாம்பிளிங். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, அழுத்தமாக என்று பல விதங்களில் வாசித்துப் பதிவு செய்வார்கள். கட்டையை அழுத்தும்போது பொருத்தமான பதிவு ஒலிக்கும்.

மரக்கருவிக்குள் இடம் மாற்ற கோடு ஏதும் கிடையாது. அதனால் வீணை, தம்புரா மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவது வழிதான்.

தம்புரா ஏன் முதலில் போனது?

நான்கு தந்திகள், பஞ்சமம், இரண்டு மேல் சட்ஜம், ஒரு கீழ் சட்ஜம். ஒரே வரிசையில் கச்சேரி முழுக்க மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வருவதை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது ஈஸி.

1979-ல் பெங்களூரில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி.ராஜ் நாராயண் எலெக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். ‘ரேடல்’ என்ற பெயரில் அந்தப் பெட்டிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. மரத்தின் இடத்தைப் பெட்டி பிடித்தது, பெட்டியின் இடத்தை இப்போது ஆப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதில் இழப்பு எதுவும் இல்லையா? இருக்கிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ‘ஜீவா’ என்ற மெல்லிய நூலை வைப்பார்கள். அதைக் கொஞ்சம் நகர்த்தினால் ரீங்காரமே மாறிவிடும். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1921-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். தந்தியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மீட்டினால் சில துணை ஒலிகள் வரக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை தாராளமாக வந்தன. குதிரையின் மேற்பரப்பு வளைந்து அகலமாக இருப்பதால், அதிரும் தந்தி அதைத் தொட்டுத் தொட்டு விலகுவதே காரணம் என்று அவர் விளக்கினார். ஆப்பில் கேட்பது அந்த ரீங்காரத்தின் ஒரு பதிவு. நூலை நகர்த்தித் தன் குரலுக்கு ஏற்றபடி தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சி அதில் கிடையாது.

அதற்காக ஆப்பைக் குறை சொல்லவும் முடியாது. தம்புரா கனமானது, விலை அதிகம், சுருதி சேர்க்கவே தனிப் பழக்கம் வேண்டும். திருவாரூர் பக்கத்துக் கிராமத்துக் குழந்தையும் டொரன்டோவில் வளரும் தமிழ்க் குழந்தையும் காசில்லாமல் சுருதியோடு பாட முடிகிறது என்றால் அது ஆப் செய்த நல்ல காரியம்தான்.

வீணை ஏன் அவ்வளவு சுலபமாகச் சிக்கவில்லை?

காரணம் கமகம். வீணையில் ஸ்வரம் மெட்டில் நிற்பதில்லை. மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று ஸ்வரங்கள் வரை எடுக்கலாம். இழுவை கூடக்கூட சுருதி மட்டுமா ஏறுகிறது? ஒலியின் நிறமும் மாறுகிறது.

கீபோர்டுகள் பேசும் ‘மிடி’ மொழி 1983-ல் வந்தது. அதற்கு அடிப்படை பியானோக் கட்டை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்பதுதான் அதற்குத் தெரிந்த முக்கியச் செய்தி. சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. ஆனால் பதிவான ஒலியை அப்படியே வளைத்தால், காதுக்குப் பழக்கமுள்ளவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வளைக்க உதவும் ‘எம்பிஇ’ என்ற தரநிலை 2018-ல்தான் வந்தது. இடைவெளி குறைந்துவருகிறது என்பது உண்மை.

பின்னணியில் இரண்டு ஸ்வரம் மட்டும் போதும் என்கிற விளம்பரத்துக்கோ இந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. வாய்ப்புகள் முதலில் குறைவது அங்கேதான்.

ஜி.ஐ. டேக் இருக்கே, அது காப்பாற்றாதா?

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.  பலா மரம், 24 மெட்டுகள், ஏழு தந்திகள், யாளி முகம், ஒரே மரத்தில் குடையும் ஏகாந்த வீணை என்று அதன் அடையாளங்கள் ஊரறிந்தவை. டெல்டாவின் இன்னொரு கருவியான நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் கிடைத்தது.

ஆனால் 1999-ம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் காப்பது பொருளையும் அதன் பெயரையும்தான். வேறு ஊரில் செய்த வீணையைத் ‘தஞ்சாவூர் வீணை’ என்று விற்கக் கூடாது. அந்த வீணையின் ஒலியை யாரும் பதிவு செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை.

பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்ப்போம். ஒரு ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, 60 ஆண்டுகள். வாசித்த கலைஞருக்கு 2012 திருத்தத்துக்குப் பிறகு ராயல்டி கேட்கும் உரிமை உண்டு. கருவியைச் செய்தவர்? இந்தப் பட்டியலிலேயே அவர் இல்லை. உலகத்தில் வேறெங்கும் வயலின் செய்தவருக்கும் இதே நிலைமைதான்.

ஆக, ஒலிக்கு உரிமை இல்லை. பெயருக்கு உரிமை உண்டு. மேலே சொன்ன துருப்புச் சீட்டு இந்தப் பெயர்தான்.

பெயரை வைத்து என்ன செய்ய முடியும்?

இரண்டு உதாரணங்கள்.

ஒன்று, பிரான்ஸின் ‘மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’. எமிலி ஜிலே என்ற பெண் பொறியாளர் நடத்திய சிறிய மாட்யூல் நிறுவனம். தன் மாட்யூல்களின் வரைபடத்தையும் கோடையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அவரே திறந்துவிட்டார். ஒரே நிபந்தனை மாதிரி, நிறுவனத்தின் பெயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அதனால்தான் விசிவி ராக்கில் அதே மாட்யூல்கள் ‘ஆடிபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ என்ற வேறு பெயரில் இருக்கின்றன. 2022-ல் அவர் கடையை மூடினார். அவருடைய வடிவமைப்புகளோ திரையிலும், பிற நிறுவனங்களின் தயாரிப்புகளிலும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

இரண்டு, ‘பியானோடெக்’ என்ற மென்பொருள். இது கணக்குப் போட்டு பியானோ ஒலியை உருவாக்குகிறது. அதில் ஸ்டெய்ன்வே, பெக்ஸ்டைன் போன்ற பியானோக்கள் அந்தந்த நிறுவனங்களின் அங்கீகாரத்தோடு, அவற்றின் பெயரிலேயே வருகின்றன. ஒலியைப் போலச் செய்ய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ‘இது அசல் ஸ்டெய்ன்வே’ என்று சொல்ல, ஸ்டெய்ன்வேயிடம் போக வேண்டும்.

இரண்டிலும் விதிமுறையை எழுதியது கருவியைச் செய்தவர். ஒருவர் கொடுத்துவிட்டார், இன்னொருவர் அனுமதி தந்தார். தஞ்சாவூரில் இதுவரை விதிமுறை எழுதுவது பதிவு செய்பவர் மட்டும்தான்.

தஞ்சாவூரில் இது நடக்குமா?

தனி ஒரு ஆசாரியால் மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேச முடியாது. ஆனால் வீணைக்கு ஜி.ஐ. கேட்டு விண்ணப்பித்ததே இசைக்கருவித் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம்தான். அந்த வகையில் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் மூன்று காரியங்கள் செய்யலாம்.

ஜி.ஐ. பதிவு இசைக்கருவி வகுப்பில் இருக்கிறது, மென்பொருள் வேறு வகுப்பு. எனவே சங்கம் மென்பொருளுக்கும் சேர்த்துத் தனக்கென ஒரு கூட்டு வணிகக்குறியைப் பதிவு செய்யலாம். 1999-ம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

அடுத்தது, அங்கீகரிக்கப்பட்ட சாம்பிள் தொகுப்பு. நல்ல வீணை, நல்ல வைணிகர், நல்ல ஸ்டுடியோ. செய்தவர் பெயர், வாசித்தவர் பெயர், இருவருக்கும் பங்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, மேளம் கட்டுவது போன்ற வேலைகளுக்கு ஆதரவு. வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உட்காருகின்றன. காலப்போக்கில் மெழுகு இளகி சுருதி விலகும். அப்போது மெழுகை மாற்றி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு மறுபடி பொருத்துவதுதான் மேளம் கட்டுவது. புது வீணை விற்காத மாதத்திலும் பட்டறைக்கு வேலை தருவது இது. இந்தக் காதும் கையும் போய்விட்டால் அடுத்த சாம்பிளைப் பதிவு செய்யவே நல்ல வீணை இருக்காது.

டெல்டா மக்களுக்கு இந்தக் கதையின் முடிவு எப்படி இருக்கும் என்று தெரியாததில்லை. தவிலும் நாதஸ்வரமும் ஒலித்த எத்தனையோ கோயில்களில் இன்று மோட்டாரில் ஓடும் மேளம்-மணி இயந்திரம்தான் தீபாராதனைக்கு அடிக்கிறது. ஆள் கிடைக்காத இடத்தில் வந்த இயந்திரம், பிறகு ஆளே தேவையில்லை என்ற நிலைக்குக் காரணமாகிவிட்டது.

நீங்கள் பயன்படுத்துபவர் என்றால்?

ஆப்பில் சுருதி போட்டுப் பாடுங்கள், தப்பே இல்லை. வீணை பிளக்-இன் வாங்குவதாக இருந்தால் விவரக் குறிப்பைப் படியுங்கள்: யார் வாசித்தது, எந்தக் கருவி, யார் செய்தது? பெயர் இல்லையென்றால் நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் பெயருக்கு விலை வரும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2017-ல் ஐபோனின் ஐஓஎஸ் 11 வந்தபோது, புதுப்பிக்கப்படாத பழைய 32-பிட் ஆப்கள் அத்தனையும் ஒரே நாளில் திறக்காமல் போயின. பழைய ஆப்பை மேளம் கட்டித் திருப்பி எடுக்க முடியாது. தாத்தா காலத்து வீணை வீட்டில் இருந்தால், தஞ்சாவூரில் கொடுத்து மேளம் கட்டி வாங்குங்கள். இன்னொரு தலைமுறைக்கு அது வாசிக்கும்.