வைக்கிங்குகள் கொள்ளைக்காரர் மட்டும்தானா?

வைக்கிங் என்றதும், கப்பலில் வந்திறங்கி, கோயிலைக் கொளுத்தி, கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு போன முரடர்களே பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். அது பொய்யல்ல. 793-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் மடத்தை அவர்கள் சூறையாடியது உண்மை. ஆனால் அது பாதிக் கதைதான். அதை எழுதி வைத்தவர்கள் அடிபட்ட பக்கத்துத் துறவிகள். வைக்கிங்குகள் தங்கள் கதையை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஆகவே மீதிக் கதையை மண்ணைத் தோண்டித்தான் கேட்க வேண்டியதாயிற்று.

865-இல், டேனியர் என்று இங்கிலாந்தார் அழைத்த இந்த வைக்கிங்குகளின் பெரும்படை வந்திறங்கியது. மறு ஆண்டே யார்க் நகரம் அவர்கள் வசமாயிற்று. 876-இல் தலைவன் ஹால்ப்டான் நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தான். அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள். இதை எதிர்த்தரப்பின் ஆண்டுக்குறிப்பே ஒப்புக்கொள்கிறது.

யார்க்கின் காப்பர்கேட் தெருவில், புதிய கடைகள் எழும்புவதற்கு முன்பு, 1976 முதல் 1981 வரை அகழ்ந்து பார்த்தார்கள். ஈரம் காயாத மண்ணாகையால் மரமும் தோலும் துணியும் மக்காமல் கிடந்தன. கிடைத்த பொருள்கள் சுமார் 40,000. பெரும்பாலும் அன்றாடப் பண்டங்களும் பட்டறைக் கழிவுகளுமே! மான் கொம்பில் அறுத்த சீப்பு, தோல் செருப்பு, மரத்தில் கடைந்த கிண்ணம், கம்பளிக் காலுறை. அந்தத் தெருவின் பெயருக்கே கிண்ணம் கடைபவர் தெரு என்றுதான் பொருள். இவை கொள்ளைக்காரன் விட்டுப்போன தடயங்களா? உழைத்துப் பிழைத்தவன் விட்டுப்போனவை அல்லவா?

மொழியும் சாட்சி சொல்கிறது. ஆங்கிலத்தில் 'விண்டோ', 'நைஃப்', 'லா' ஆகிய சொற்கள் அவர்கள் பேச்சிலிருந்து வந்தவை. சட்டத்துக்கே சொல் கொடுத்தவர்களைச் சட்டமறியாத கூட்டம் என்று எப்படித் தள்ளுவது?

ஆனாலும் அந்நியன் என்ற முத்திரை அழியவில்லை. 1002 நவம்பர் 13 அன்று, நாட்டிலுள்ள டேனியரைக் கொல்லும்படி மன்னர் எத்தல்ரெட் உத்தரவிட்டார். ஆக்ஸ்போர்டில் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களை ஊர்க்காரர்கள் அந்தக் கட்டடத்தோடு கொளுத்தினார்கள். கோதுமைப் பயிரிடையே முளைத்த களை என்று அவர்களை இகழ்ந்தது அரச சாசனம். 2008-இல் ஆக்ஸ்போர்டில் வெட்டுக்காயங்களுடன் 30-க்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புக்கூடுகள் ஒரே இடத்தில் வெளிப்பட்டன. அன்று மாண்டவர்களாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. களை என்று சொன்ன ஆங்கிலோ-சாக்சன்களின் முன்னோர்களே, சுமார் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு அதே கடலைக் கடந்து வந்து குடியேறியவர்கள்தான்! உத்தரவு பலித்ததா என்றால் அதுவும் இல்லை. 1016-இல் டேனிய இளவரசன் கனூட்டே இங்கிலாந்தின் மன்னனானான்.

அவர்கள் செய்த கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வந்த விதத்தை மட்டும் எழுதி, வாழ்ந்த வாழ்வை விட்டுவிடும் வரலாறு, பற்றை மட்டும் எழுதி வரவை விட்டுவிட்ட பேரேடு போன்றது. அந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது.