போன் நகர்ந்தால் பொருளாதாரம், நாங்கள் நகர்ந்தால்?

ஊரடங்குக் காலத்தில் பொருளாதார நிபுணர்கள் நாட்டுக்குப் புதிய முறையில் நாடி பார்க்கத் தொடங்கினார்கள். யாருடைய கைப்பேசி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், தொழில் எந்த அளவுக்கு நடக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றார்கள். 2020 ஏப்ரலில் கூகுள் நடமாட்ட அறிக்கைகளை வெளியிட ஆரம்பித்தது. அந்த ஆண்டின் ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையான நாட்களை அடிப்படையாக வைத்து, கடைவீதி, மளிகை மருந்துக்கடை, பூங்கா, பேருந்து ரயில் நிலையம், பணியிடம், வீடு ஆகியவற்றில் நடமாட்டம் எத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று சொன்னது. நொமுரா நிறுவனம் இதையும் ஆப்பிளின் தரவையும் மின்தேவையையும் இன்ன பிறவற்றையும் கலந்து இந்தியாவில் தொழில் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று வாராவாரம் ஒரு குறியீடு போட்டது. ரிசர்வ் வங்கியின் மாத இதழிலும் இந்தக் கோடுகள் இடம்பிடித்தன. கோடு ஏறினால் நாடு மீண்டுவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கோட்டில் நாங்கள் எங்கே இருந்தோம்?

கூகுளின் கணக்கில் வரவேண்டுமானால் ஸ்மார்ட்போன் வேண்டும். இருப்பிட வரலாறு என்னும் வசதியை நீங்களே இயக்கி வைத்திருக்க வேண்டும், அது தானாக இயங்காது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்த ஒரு கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர்தான். பட்டன் போனையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. எங்கள் காலனிகளில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால், அது படிக்கிற பையன் கையில் இருக்கும். அம்மா நாற்று நடப் போனாலும் போன் வீட்டில்தான் இருக்கும். நகரத்தையும் கிராமத்தையும் இதை வைத்து ஒப்பிட வேண்டாம் என்று கூகுளே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை எத்தனை தலைப்புச் செய்திகளில் வந்தது?

2020 ஏப்ரலில் 'பணியிட நடமாட்டம்' படுத்துவிட்டது என்றார்கள். சாக்கடை அள்ளுவதும், குப்பை வாருவதும், சுடுகாட்டில் பிணம் எரிப்பதும் அந்த மாதத்தில் ஒரு நாளாவது நின்றதா? அலுவலகக்காரர் வீட்டுக்குள் போனதும் வேலையே நின்றுவிட்டதாகக் கோடு காட்டியது. எங்கள் உழைப்பு அவர்களின் பொருளாதாரத்தில் எப்போதுமே தரைக்கு அடியில்தான் இருந்தது. புதிய கருவி அதைப் புதிய வழியில் மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாலைகளில் லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. அந்தச் செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு தரவு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். கடைவீதிக்கு எத்தனை சதவீதம் பேர் திரும்பினார்கள் என்று தெரிந்துகொள்ள முடிந்த நாட்டில்!

இருப்பிடத் தரவு எங்களைத் தொடவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அது எங்கள் மணிக்கட்டைப் பிடித்தது. நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜி.பி.எஸ் கடிகாரம் மாட்டின. ஒதுக்கிய எல்லையைத் தாண்டினால் அதிகாரியின் திரையில் தெரியும். சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றும், இதைக் கட்டிக்கொண்டு கழிவறைக்கு எப்படிப் போவது என்றும் தொழிலாளர்கள் கேட்டார்கள். சண்டிகரில் போராடவும் செய்தார்கள். காரில் போகிறவரின் இருப்பிடம் பெயரில்லாத புள்ளிவிவரம். தெருப் பெருக்குகிறவரின் இருப்பிடமோ பெயரோடும் வார்டு எண்ணோடும் கூடிய குற்றச்சாட்டு. ஒரே செயற்கைக்கோள்தான் இருவரையும் பார்க்கிறது.

ஏழைகளுக்கு இந்தத் தொழில்நுட்பம் உதவவே இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். உதவியிருக்கிறது. 2020-ல் ஆப்பிரிக்காவின் டோகோ நாடு, கைப்பேசிப் பயன்பாட்டுப் பதிவுகளை வைத்து வறியவர்களை அடையாளம் கண்டு பணம் அனுப்பியது. அங்கே தரவு கொடுப்பதற்குப் பயன்பட்டது. அப்போதும் சிம் இல்லாதவர் வெளியே நின்றார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மக்களிடம் கேட்டு எடுத்த கணக்கெடுப்பை வைத்துத்தான் கணினிக்கு வறுமையை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே நிலைமை என்ன? 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவை வெளியிடாமலே கைவிட்டார்கள். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்கிற கணக்கில் சேரியும் வரும், சாதியும் வரும். கூகுளின் கணக்கில் சாதி கிடையாது. அதனால்தானோ என்னவோ அது இவ்வளவு பேருக்குப் பிடித்துப்போனது. அந்த அறிக்கைகளையும் 2022 அக்டோபரில் கூகுள் நிறுத்திவிட்டது. தனியார் நிறுவனம் நினைத்தபோது நாடி பிடிக்கும், நினைத்தபோது கையை விட்டுவிடும்.

நூறு நாள் வேலைக்கு வருவோம். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் வருகைப்பதிவு செயலி வழியாகத்தான் என்று ஆனது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம், இரண்டிலும் இருப்பிட முத்திரை. இதை எதிர்த்து டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் பல நாட்கள் உட்கார்ந்தார்கள்.

நாங்கள் போன ஒரு பணித்தளத்தில் ஏரிக்கரையில் டவர் எடுக்காது. பணித்தளப் பொறுப்பாளரான பெண், தன் சொந்தப் போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கீழே முப்பது பெண்கள் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய குழி கண்முன்னே இருக்கிறது, வெட்டிய ஆட்களும் இருக்கிறார்கள். படம் ஏறவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டதற்கு, "சிஸ்டத்தில் இல்லையே" என்றார்கள்.

அந்த நாள் கூலியைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். இருப்பிடத் தரவு இல்லை என்பதற்காக யாருடைய கூலியையும் பிடிக்கக் கூடாது என்பது முதல் கோரிக்கை. கடிகாரங்களைக் கழற்று என்பது இரண்டாவது. கைப்பேசியை எண்ணுவதற்கு முன் எங்களை எண்ணு, சாதிவாரியாக எண்ணு, எண்ணியதை வெளியிடு என்பது மூன்றாவது. மனுவுக்கு ரசீது வாங்கி வைத்திருக்கிறோம்.