பதினெட்டா, பதினேழா?

2024 ஜனவரி 17, அலங்காநல்லூர். பொழுது சாய்கிற நேரம். மேடையில் இருந்து மைக்கில் முடிவு சொல்கிறார்கள். கருப்பாயூரணி வீரர் 18 காளை, முதல் பரிசு கார். பூவந்தி வீரர் 17 காளை, இரண்டாமிடம். பூவந்திக்காரர் அதை ஏற்கவில்லை. முந்தின வருடம் இதே வாடியில் 26 காளை பிடித்து முதல் பரிசு வாங்கியவர் அவர். எண்ணிக்கையில் தப்பு இருக்கிறது, வீடியோவைப் போட்டுப் பாருங்கள் என்றார்.

அப்புறம் மதுரையில் வேறு பேச்சே இல்லை. டீக்கடை, டவுன் பஸ், கல்லூரி கேன்டீன், எங்கே போனாலும் பதினெட்டா பதினேழா. கருப்பாயூரணிப் பக்கத்து ஆள் ஒன்று சொல்வார், சிவகங்கை ரோட்டுக்காரர் இன்னொன்று சொல்வார். செல்போனில் யாரோ எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து "இது கணக்கு, இது கணக்கில்லை" என்று தீர்ப்பு வேறு. இத்தனை பேரில் ஒருத்தராவது, அந்த "ஒன்று" என்பது என்னய்யா என்று கேட்டிருக்க வேண்டாமா?

வணிகவியல் முதலாமாண்டில் ஒரு விஷயத்தைப் போட்டுப் போட்டு இடிப்பார்கள். கூட்டுவதற்கு முன்னால் எதைக் கூட்டுகிறாய் என்று பார். மூட்டையையும் கிலோவையும் சேர்த்துக் கூட்டினாலும் ஒரு விடை வரும். கூட்டல் சரியாகவே இருக்கும், கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். ஜல்லிக்கட்டில் முதல் பரிசுக்காரரைத் தேர்ந்தெடுக்கும் எண்ணிக்கை கிட்டத்தட்ட இந்த ரகம்தான்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. திமிலை மட்டும்தான் அணைய வேண்டும். கொம்பு, கழுத்து, வால் எதையும் தொடக்கூடாது. குறிப்பிட்ட தூரம் வரையோ, மாடு மூன்று துள்ளு துள்ளும் வரையோ விடாமல் தொங்க வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு ஆள்தான், இரண்டு பேர் பிடித்தால் யாருக்கும் பரிசில்லை. படிக்க நன்றாக இருக்கிறது. இப்போது வாடிவாசல் முன்னால் போய் நின்று பாருங்கள். தேங்காய்நார் பரப்பிய தரை, அதிலிருந்து கிளம்பும் தூசி, சுற்றுக்கு ஐம்பது பேர் ஒரே நிறப் பனியனில். மாடு பாய்ந்து வருகிறது. ஒருவர் திமிலில் தொங்குகிறார். இன்னொருவர் கை மாட்டின் முதுகில் இருக்கிறதா, முதல் ஆளின் முதுகில் இருக்கிறதா? மூன்றாவது துள்ளலில் கை நழுவியதா, துள்ளல் முடிந்து நழுவியதா? மாடு முரண்டு பண்ணித் துள்ளியதா, வாசலை நோக்கிச் சும்மா ஓடியதா?

ஒரு நாளைக்குச் சுமார் எண்ணூறு காளை அவிழ்க்கிற வாடி அது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து வரை என்று வைத்தால் 600 நிமிடம். ஒரு மாட்டுக்கு முக்கால் நிமிடம். அதற்குள் மாட்டுக்காரர் பேர், ஊர், பரிசுப் பொருள் எல்லாம் மைக்கில் சொல்லி, மாட்டை அவிழ்த்து, பிடித்தாரா இல்லையா என்று முடிவும் சொல்லியாக வேண்டும். மேடையில் இருப்பவர்கள் தெய்வப் பிறவிகளாகவே இருக்கட்டும், இந்த வேகத்தில் நாளெல்லாம் பார்த்தால் ஒன்றிரண்டு கூடக் குறைய வரத்தான் செய்யும். ஒன்றிரண்டு தப்பக்கூடிய எண்ணிக்கையில் 18க்கும் 17க்கும் நடுவே ஒரு காரை நிறுத்துகிறார்கள். சண்டை வராமல் என்ன செய்யும்?

2021ல் இன்னும் மோசம். அந்த வருடம் அலங்காநல்லூரில் 12 காளை பிடித்தவருக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். உடனே புகார் வந்தது. 33ஆம் எண் பனியனுக்குப் பதிவு செய்தவர் வேறு ஆள், அவர் பாதியில் வெளியேறிய பிறகு அதே பனியனை மாட்டிக்கொண்டு இவர் இறங்கினார் என்று. விஷயம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனது. புகார் நிஜமா பொய்யா என்பதை நீதிமன்றத்திடம் விட்டுவிடலாம். இப்படி ஒரு புகார் எழ முடிந்ததே, அதைத்தான் பார்க்க வேண்டும். கணக்கு எழுதப்பட்டது ஒரு மனிதன் பேரில் இல்லை, ஒரு பனியன் பேரில். எது "ஒன்று" என்பதும் சந்தேகம், யாருடைய "ஒன்று" என்பதும் சந்தேகம் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். (எல்லாவற்றுக்கும் கிரிக்கெட்டை இழுப்பது நம் ஊர் வியாதி, இந்த ஒரு தடவை மன்னிக்கவும் :-)) முத்தையா முரளிதரன் டெஸ்டில் 800 விக்கெட். வெறும் 800 இல்லை. எட்டு நூறுக்கும் எட்டு நூறு பேர் வரிசை இருக்கிறது. கடைசி விக்கெட் 2010ல் காலேயில் பிரக்யான் ஓஜா. அதற்கு முந்தினது யார், எந்த ஊர், எப்படி அவுட், எல்லாம் எடுத்துப் பார்க்கலாம். 800ஐ யாராவது சந்தேகப்பட்டால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிபார்க்கலாம். வவுச்சர் இருக்கிற கணக்கு அது.

அலங்காநல்லூரில் 2022ல் 21, 2023ல் 26, 2024ல் 18, 2025ல் 20. செய்தித்தாளில் வருவது இவ்வளவுதான். அந்த 26 காளைகள் எவை? எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு? அதில் எத்தனை முதல் தடவை வாடி பார்த்த கன்று, எத்தனை நின்று குத்தும் மாடு? படித்தவர் யாருக்கும் தெரியாது. 26 பெரிதா 18 பெரிதா என்று கேட்டால் 26தான் பெரிது என்று ஒன்றாம் வகுப்புப் பையனும் சொல்வான். வாடி பார்த்த பெரியவர் சொல்ல மாட்டார். எந்த மாடு என்று திருப்பிக் கேட்பார்.

ஏனென்றால் இந்த விளையாட்டே அந்தக் கேள்வியில் இருந்துதான் பிறந்தது. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுகிறவன் எத்தனை ஏறு தழுவினான் என்று ஆயர் மகள் கணக்குப் போடவில்லை. அவள் வீட்டு ஏறு ஒன்றே ஒன்று, அதைத் தழுவினானா? சல்லிக்காசைத் துணியில் முடிந்து கொம்பில் கட்டிய காலத்திலும் அப்படித்தான், எந்த மாட்டை அணைந்தானோ அந்த மாட்டின் முடிச்சு அவனுக்கு. சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' நாவலைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிச்சி வந்தது ஜமீன்தாரின் காரி ஒன்றுக்காக, அவன் அப்பனைக் கொன்ற காளைக்காக. வேறு மாட்டைத் தொட்டதெல்லாம் அதற்கு முன்னோட்டம்தான். அன்று சாயங்காலம் பிச்சி மொத்தம் எத்தனை பிடித்தான் என்று யாராவது கேட்டால் செல்லப்பா சிரித்திருப்பார்.

இப்போது நடப்பது தலைகீழ். வாடியில் இருந்து ஒரு அசல் மாடு வெளியே வந்து நின்று நாலு பக்கமும் பார்த்தால், தடுப்புக் கட்டையில் ஏறிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். முன்னணியில் இருக்கிறவருக்கு அது இன்னும் புத்திசாலித்தனம். அந்த மாட்டிடம் போய் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டி, தொடை கிழிந்து வெளியே போனால் கார் போயிற்று. அதை விட்டுவிட்டு அடுத்து வரும் நேர் ஓட்ட மாடு ரெண்டில் தொங்கினால் கணக்கு ரெண்டு ஏறும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எண்ணிக்கைக்குக் கார் என்று சொன்னவர்கள்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லா மாட்டுக்கும் ஒரே விலை என்றால் எவன் கஷ்டமான மாட்டுக்குப் போவான்?

வேடிக்கை என்னவென்றால் மாட்டுக்குப் பரிசு கொடுக்கும்போது மட்டும் இதே விழாக் குழு ஒழுங்காகத்தான் யோசிக்கிறது. சிறந்த காளை எது என்று எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. எது நின்று விளையாடியது, எது கிட்டவே விடவில்லை என்று பார்த்துச் சொல்கிறார்கள். மாட்டைத் தரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மனிதனைத் தரம் பார்க்கத் தெரியாதா?

தூர தேசத்தில் ஒரு விளையாட்டு உண்டு, ஜியோகேச்சிங் என்று பெயர். 2000ஆம் வருடம் மே மாதம், ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்துவிட்ட மறுநாள், ஓரிகான் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அப்படித் தொடங்கியது. டப்பாவைக் கண்டுபிடித்து உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு இணையத்தில் பதிய வேண்டும். பரிசு, கார், பைக் எதுவும் கிடையாது. பேருக்குப் பக்கத்தில் ஒரு எண் மட்டும் ஏறும். அந்த வெற்று எண்ணுக்கே வீட்டில் உட்கார்ந்தபடி பொய்ப் பதிவு போடுகிறவர்கள் உண்டு. எண்ணிக்கை சீக்கிரம் ஏறட்டும் என்றே ரோட்டோரம் வரிசையாக நூற்றுக்கணக்கில் டப்பா வைத்த பாதைகளும் உண்டு. ஒரு மலை ஏறி ஒரு டப்பா எடுத்தவனும் ஒன்று, காரை நிறுத்தி நிறுத்தி எடுத்தவனும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஆனால் அங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சந்தேகம் வந்தால் டப்பா வைத்தவர் போய் நோட்டைத் திறந்து பார்க்கலாம், கையெழுத்து இல்லையென்றால் பதிவை அழித்துவிடலாம். பைசா பெறாத விளையாட்டுக்கு நோட்டு இருக்கிறது. கார் கொடுக்கிற விளையாட்டுக்கு ஊரார் பார்க்கிற மாதிரி ஒரு நோட்டு இல்லை.

பாலமேடு, 2023 ஜனவரி 16. ஒன்பது காளைகளைப் பிடித்து முன்னணியில் இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவர் காளை முட்டி இறந்துபோனார். எண்ணிக்கைதான் அவரைக் கொன்றது என்று சொல்வது அபத்தம். முதல் மாட்டிலேயே போனவர்களும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்து போனவர்களும் உண்டு. ஆனால் ஒன்பதோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கிற ஒருவனை உள்ளே திரும்ப இழுப்பது எது? எதிரில் நிற்கும் மாடா, மேடையில் நிற்கும் காரா? விழா நடத்துகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு ராத்திரி தூக்கம் கெட்டு யோசித்தால் தப்பில்லை. ஒன்பது என்பது அன்றைக்கு மைக்கில் ஒரு எண். அந்த வீட்டுக்கு அது என்ன?

கார் இல்லாவிட்டால் பையன்கள் வர மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. இதைவிடப் பெரிய அவமானத்தை இந்தப் பையன்களுக்குச் செய்ய முடியாது. 2014ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது, 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்கள் கார் கேட்டா உட்கார்ந்தார்கள்? இது எங்கள் பண்பாடு என்றார்கள். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொன்னபோதும் பண்பாடு என்ற சொல்தான் முன்னால் நின்றது. பண்பாடு என்று வாதாடி வாங்கிவந்த விளையாட்டை எட்டே மாதத்தில், 2024 ஜனவரியில், 18-17 என்று ரசீதுச் சண்டையாக்கிவிட்டோம். அதே மாதம் 24ஆம் தேதி கீழக்கரையில் புது அரங்கம் திறந்தார்கள். பெரிய அரங்கம், கூரை போட்ட கேலரி எல்லாம் வந்துவிட்டது. அங்கேயும் அதே எண்ணிக்கைதான், 10 காளை பிடித்தவருக்கு ஜீப்.

எண்ணாமல் எப்படி முதல் பரிசு கொடுப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எண்ணவே கூடாது என்றில்லை, எண்ணுவதானால் எண்ணுகிற மாதிரி எண்ண வேண்டும். மாட்டுக்கு டோக்கன் நம்பர் இருக்கிறது, ஆளுக்குப் பனியன் நம்பர் இருக்கிறது, சுற்றிலும் கேமரா இருக்கிறது. மேடையில் ஒரு பெரிய நோட்டு, மூன்று கட்டம் போதும். டோக்கன் நம்பர், பனியன் நம்பர், நேரம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நோட்டை மைக்கில் வாசித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். தகராறு இருந்தால் அங்கேயே, அந்த நேரத்து வீடியோவைப் போட்டுத் தீர்க்கலாம். சுற்றுக்கு இறங்கும்போது முகத்தையும் பதிவு அட்டையையும் ஒத்துப் பார்த்தால் பனியன் மாற்றும் பேச்சே எழாது. கார் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அன்றைக்கு யாராலும் தொட முடியாத நாலைந்து மாடுகளுக்கு எதிரே யார் போனான் என்று பார்த்துக் கொடுக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது, அவர்கள்தானே சிறந்த காளையையும் சொல்கிறார்கள்.

இதற்கெல்லாம் நேரம் இல்லை, மாடுகள் வரிசையில் ராத்திரியில் இருந்து காத்து நிற்கின்றன என்பார்கள். காரும் டிராக்டரும் கொடுத்த புண்ணியவான்கள் பேரை மைக்கில் சொல்வதற்கு மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது.