நாம் படிப்பதை யார் படிக்கிறார்கள்?

நூலகத்தில் நீங்கள் கடைசியாக இரவல் பெற்ற நூல் எது? ஒரு நண்பர் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வோம். அதே கேள்வியை அரசாங்கம், நமக்குத் தெரியாமல், நூலகரிடம் கேட்டால்?

இது கற்பனைக் கேள்வியன்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ‘பேட்ரியட் சட்டம்’ நடப்புக்கு வந்தது. அதன் 215ஆம் பிரிவின்படி, இரகசியமாகக் கூடும் ஒரு நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்று, பயங்கரவாத விசாரணைக்காக எந்த ஆவணத்தையும் எஃப்.பி.ஐ. கேட்கலாம். நூலகத்தின் இரவல் பதிவும் புத்தகக் கடையின் விற்பனைப் பதிவும் அதில் அடங்கும். ஆணையைப் பெற்றவர் அதைப் பற்றி வெளியே பேசவும் கூடாது.

நூலகர்கள் எதிர்த்தார்கள். வாசகர்களை எச்சரித்து அறிவிப்பு ஒட்டினார்கள்; தேவையற்ற பதிவுகளை அழித்தார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டத்துறைத் தலைவர் ஜான் ஆஷ்கிராப்ட் இந்த அச்சத்தைக் கேலி செய்தார். அந்தப் பிரிவு ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை என்றும் 2003இல் அறிவித்தார். ஆனால், பின்னர் அதே பிரிவைக் காட்டித்தான் பல மில்லியன் அமெரிக்கர்களின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள் திரட்டப்பட்டன. எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் வெளிப்படுத்திய பிறகே மக்களுக்கு அது தெரிந்தது. அந்தப் பிரிவு 2020 மார்ச்சில் காலாவதியானது. கேலிக்கு ஆளான நூலகர்களின் அச்சம் வீண் அச்சமன்று.

நீதிபதியின் அனுமதியே தேவைப்படாத இன்னொரு வழியும் இருந்தது. அதன் பெயர் ‘தேசியப் பாதுகாப்புக் கடிதம்’. 2005இல் கனெக்டிகட் மாநில நூலகக் கூட்டமைப்பு ஒன்றுக்கு அக்கடிதம் வந்தது. குறிப்பிட்ட ஒரு நாளில், 45 நிமிட நேரம், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவரைப் பற்றிய விவரம் வேண்டுமாம். நான்கு நூலகர்கள் மறுத்து வழக்குத் தொடுத்தார்கள். பெயரை வெளியிடத் தடை இருந்ததால் தங்கள் வழக்கின் விசாரணைக்கே அவர்களால் நேரில் செல்ல முடியவில்லை. வேறொரு நீதிமன்றத்தில் அமர்ந்து திரையில் பார்த்தார்கள். பேட்ரியட் சட்டத்தைப் புதுப்பிக்கும் விவாதம் நாடாளுமன்றத்தில் நடந்தபோது, அனுபவத்தோடு பேசக்கூடிய இவர்களுக்கு வாய்ப்பூட்டு. சட்டம் 2006 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்ட பிறகே பூட்டு திறந்தது. சில வாரங்களில் எஃப்.பி.ஐ. தன் கோரிக்கையையும் கைவிட்டது.

“மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?” என்று என் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல பழமொழிதான். ஆனால், மடியில் இருப்பது கனமா இல்லையா என்று முடிவு செய்பவர் யார்?

அமெரிக்காவின் டென்வர் வட்டாரத்தில் 2000இல் நடந்த ஒரு போதைப்பொருள் விசாரணையைப் பாருங்கள். சந்தேக நபரின் வீட்டில் போதைப்பொருள் தயாரிப்பு பற்றிய இரண்டு நூல்கள் கிடைத்தன. குப்பையில் ‘டேட்டர்ட் கவர்’ புத்தகக் கடையின் அஞ்சல் உறை கிடந்தது. அந்த உறையில் வந்தவை அந்நூல்கள்தாம் என்று நிறுவ, காவல் துறை கடையின் பதிவைக் கேட்டது. கடை உரிமையாளர் ஜாய்ஸ் மெஸ்கிஸ் கொடுக்க மறுத்தார். 2002இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உறையில் உண்மையில் வந்தது என்ன தெரியுமா? ஜப்பானியத் தூரிகை எழுத்துக்கலை பற்றிய நூல்!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். பயங்கரவாதக் குழுக்கள் தொடர்பான 12 நூல்களை வைத்திருந்ததற்காக, 2017இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒரு முன்னாள் முதுகலை மாணவிக்கு 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆய்வுக்காக வைத்திருந்ததாக அவர் தரப்பு கூறியது. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளுடன் தொடர்பு எனக் கூறி நம்மவர் 12 பேர் கைதானதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2020 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்ட அன்றைய மலேசியச் சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ், கைப்பேசியில் படம் வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்று விளக்கினார். படத்திற்குப் பொருந்தும் நியாயம் புத்தகத்திற்கும் பொருந்தாதா?

பயங்கரவாதத்தை ஒடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. குண்டு வைக்கத் திட்டமிடுபவனைத் தேடிப் பிடிக்கட்டும். ஆனால், ஒருவர் ஒரு நூலை ஏன் எடுத்தார் என்பதை இரவல் பதிவு சொல்லாது. ஆதரிப்பவரும் படிக்கிறார், மறுப்பவரும் படிக்கிறார், நாளை தேர்வெழுதப் போகும் மாணவரும் படிக்கிறார். பார்ப்பவரின் சந்தேகம்தான் அந்தப் பட்டியலுக்குப் பொருள் கொடுக்கிறது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், ஈழம் பற்றியோ மலாயாப் பொதுவுடைமை இயக்கம் பற்றியோ ஆய்வு செய்ய நினைக்கும் மாணவர் தலைப்பையே மாற்றிக்கொள்வார். நூலைத் தடை செய்யும் வேலைகூட அரசாங்கத்திற்கு மிச்சம்.

முதலாமாண்டில் நான் எடுத்த நூல்களின் பட்டியல் இன்னும் என் நூலகக் கணக்கில் இருக்கிறது. நூல் திரும்பி வந்து, அபராதமும் இல்லையென்றால், அந்தப் பதிவை எதற்காக வைத்திருக்க வேண்டும்? இல்லாத பதிவை எந்த ஆணையாலும் பறிக்க முடியாது. மின்னூல்களையும் இணையத் தேடலையும் நம்பிப் படிக்கும் நமக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியம்.

நண்பர்களே, நம் நூலகம் எதைப் பதிவு செய்கிறது, எவ்வளவு காலம் வைத்திருக்கிறது, யார் கேட்டால் கொடுக்கும்? மாணவர் பேரவை வழியாக இதைக் கேட்போம். கேட்பது நம் உரிமை. அச்சமின்றிப் படிக்க முடியாத இடத்தில் பல்கலைக்கழகம் என்ற பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.