வியாபார நிர்வாகமும் பாலாற்று நீரும்

இக்காலத்து நம் கல்லூரி மாணவர் பெரிதும் விரும்பிப் பயிலும் பாடங்களுள் வியாபார நிர்வாகம் ஒன்று. அப்பாடத்தைத் தொடங்குவோர் அனைவரும் ஹென்றி ஃபயோல் என்னும் பிரெஞ்சுப் பொறியியலறிஞரின் பெயரை முதலிற் கேட்பர். அவர் 1888இல், முறியுந் தறுவாயிலிருந்த ஒரு சுரங்கக் கம்பெனியின் தலைமையை ஏற்று, அதனை மீண்டும் நிலைபெறச் செய்தவர். அவ்வநுபவத்தின் பயனாக 1916இல் அவர் வெளியிட்ட நூலில், நிர்வாகத்தின் கடமைகளை ஐந்தாக வகுத்தார். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்பன அவை. மாணவர் இவ்வைந்தையும் மனப்பாடஞ் செய்து பரீட்சையில் எழுதி விடுகின்றனர். ஆனால் இவற்றின் எல்லை யாது என்று வினவுவோர் சிலரே. தொழிற்சாலையின் மதிற்சுவரோடு நிர்வாகம் முடிந்துவிடுகின்றதா? நம் பாடபுத்தகங்கள் முடிவதாகவே கொள்கின்றன போலும். அது தவறு என்பது எமது கருத்து. இதனை நிறுவ அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டுவதில்லை. நம் பாலாற்றங்கரையே போதும்.

காவேரிப்பாக்கத்து ஏரியை நம்முள் அறியாதார் யார்? தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றாகிய இதனை, 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்தது என்பர். அம்மன்னனது பட்டப்பெயரால் இவ்வூர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனவும் வழங்கிற்று. வாலாஜாபேட்டையை அடுத்துப் பாலாற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டிற் கட்டப்பெற்ற அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்களுள் ஒன்று இவ்வேரியை நிரப்புகின்றது. ஆண்டுதோறும் கரையைக் காத்தல், மதகைச் செப்பனிடல், வண்டலை அகற்றல், மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் நீரை முறையிட்டுப் பகிர்தல் ஆகிய இவையெல்லாம் நிர்வாகமன்றி வேறென்ன? ஃபயோல் கூறிய ஐந்தும் இங்கே பெயரில்லாமலே நடந்து வந்திருக்கின்றன.

இவ்வகை நிர்வாகத்தின் விதிகள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் விளங்கக் காணப்படுகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள், ஏரி வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. பதவிக்காலம் 360 நாள். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மீண்டும் தேர்தலுக்கு நிற்கலாகாது; அவருடைய உறவினரும் நிற்கலாகாது. அச்சபையில் ஊரார் அனைவர்க்கும் இடமிருக்கவில்லை. நிலமும் மனையும் கல்வியும் உடைய சில ஆடவர்க்கே இடமிருந்தது. அக்குறையை யாம் மறைக்கவில்லை. எனினும், பொதுப்பொருளைக் கையாண்டவன் கணக்கொப்பிக்கக் கடமைப்பட்டவன் என்னும் நியதி அங்கே தெளிவாக இருந்தது.

நிற்க, அதே ஆற்றின் கரைகளில் வளர்ந்த தோற்றொழிலை நோக்குவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இத்தொழில் எண்ணிறந்த குடும்பங்களுக்குச் சோறளித்து வருகின்றது. நம் மாணவருட் பலர் அக்குடும்பங்களிலிருந்து வருபவரே. ஆதலின் இத்தொழிலை இகழ்வது எமது நோக்கமன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்புகளால் விரைந்து பதனிடும் முறை பரவிற்று. 1973 முதல், அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் கட்டுப்படுத்தி, முற்றுப்பெற்ற தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. தொழில் பெருகிற்று, அந்நியச் செலாவணியும் பெருகிற்று. மூலப்பொருள், கூலி, கப்பல் ஆகிய எல்லாவற்றிற்கும் திட்டமிருந்தது. கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கோ தக்க திட்டமில்லை. பச்சைத் தோலைக் கெடாமற் காக்கும் உப்பும், பதனிடும் இரசாயனங்களும் வாய்க்கால் வழியே நிலத்திலும் கிணற்றிலும் ஆற்றிலும் சேர்ந்தன.

இதனை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991இல் உச்சநீதிமன்றத்தை அணுகினர். 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகின்றது என்றும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வின்படி தோற்பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்றல் வேண்டும் என்பதும் இந்நாட்டின் சட்டமாகும் என நீதிபதிகள் அறுதியிட்டனர். 2001இல் இழப்பீடு வரையறுக்கப்பட்டபோது, அதற்கு உரியவராகக் காணப்பட்டோர் 29,000க்கும் மேற்பட்டவர். எனினும் வழக்கு அத்துடன் ஓயவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைத்து, அரசு இழப்பீட்டைக் கொடுத்து அதனை மாசுபடுத்தியவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டுமென ஆணையிட்டது.

முதலாளி ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் இலாபமென்று எழுதப்பட்ட தொகையில் ஒரு பகுதி, உண்மையில் உழவனது கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே இத்தீர்ப்புகளின் பொருள். செலவு இல்லாமற் போகவில்லை. மதிலுக்கு அப்பாலுள்ளவன் தலையில் ஏற்றப்பட்டது. கணக்குக் காட்டாதவனை வாரியத்தில் அமர்த்தலாகாது என்ற முன்னோர் விதி நினைவிற்கு வருகின்றதன்றோ?

மதிலுக்கு உள்ளே இருப்பவனும் இதனால் தப்பவில்லை. 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையிற் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் பிழைப்பு நாடி வங்காளத்திலிருந்து வந்தவர். கட்டுப்படுத்தல் என்று நாம் ஒரு சொல்லிற் படித்துவிடும் கடமை, ஒரு தொட்டி எவ்வளவு தாங்கும், அதில் இப்போது எவ்வளவு இருக்கின்றது, அருகில் எவர் துயில்கின்றனர் என்று நாள்தோறும் நோக்குவதையும் உள்ளடக்கியது.

சிறு முதலாளிகள் இச்செலவைத் தாங்கார். தொழில் வேற்றிடம் பெயரும். ஏழைகளே வேலையிழப்பர் என்று சிலர் ஆட்சேபிப்பர். இதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் இதற்கு மறுமொழியும் நிர்வாகத்துள்ளேயே கிடைக்கின்றது. தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாத சிறு தோற்சாலைகள் ஒன்றுகூடிப் பொது நிலையங்களை நிறுவியிருக்கின்றன. சந்தையிற் போட்டியாளராயிருப்போர் நீரின் பொருட்டு ஒன்றுபட்டது ஒருங்கிணைத்தலுக்கு நல்ல உதாரணம். அந்நிலையங்களைச் செவ்வையாக நடத்தும் செலவைத் தோலின் விலையிற் சேர்த்தலே நியாயம். மலிவான செருப்பை அணிபவர் வேறோர் நாட்டிலிருக்க, அதன் மிகுதி விலையைப் பாலாற்றங்கரை உழவன் கொடுத்துக்கொண்டிருப்பது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு யாம் ஒன்று விண்ணப்பிக்கின்றோம். நிர்வாகப் பாடம் பயிலும் ஒவ்வொரு மாணவரும் பட்டம் பெறுமுன் இப்பகுதித் தொழிற்சாலை ஒன்றின் நீர்க்கணக்கை எழுதுமாறு பணித்தல் வேண்டும். எவ்வளவு நீர் உட்சென்றது, எவ்வளவு வெளிவந்தது, எந்நிலையில் வந்தது, எங்கே சேர்ந்தது, அதன் செலவை ஏற்றவர் யார் என்பன அதில் விளங்க வேண்டும். அதன்பின் காவேரிப்பாக்கத்து ஏரிக்கரைக்குச் சென்று, கடைமடை உழவரிடம் அமர்ந்து, அவர் தம் நீரை எவ்வாறு பங்கிட்டுக் கொள்கின்றனர் என்று கேட்டெழுதட்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் நாளை தோற்சாலைகளுக்கு உரிமையாளராவீர். பலர் அவற்றின் மேலாளராயும் கணக்கராயும் அமர்வீர். அந்நாளில் உங்கள் மேசைக்கு வரும் வரவுசெலவுக் கணக்கில் ஆற்றுக்கும் ஒரு பத்தி இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையாயின், கையெழுத்திடுமுன் அதனை எழுதச் செய்யுங்கள்.