முற்றத்தில் ஒரு கம்பு

திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. அதனால் வான நடுவரை என்னும் பெருவட்டம் இங்கே நேர்கிழக்கில் கடலிலிருந்து எழுந்து, உச்சிக்கு எட்டரைப் பாகை தெற்கே ஏறி, நேர்மேற்கில் இறங்குகிறது. ஓரியனின் இடுப்பு நட்சத்திரங்கள் மூன்றும் ஏறக்குறைய அதன்மேல்தான். மழை விட்ட தை மாத முன்னிரவில் கோணேசர் மலையில் நின்றால் அந்த வட்டத்தைக் கண்ணாலேயே தொடரலாம். என்ன அழகு அது! சூரியன் போகும் வீதி இதற்கு 23.4 பாகை சாய்ந்த இன்னொரு பெருவட்டம். அந்தச் சாய்வால்தான் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் நிழல் காலடியில் ஒடுங்குகிறது. இப்படியொரு வானம் வாய்த்த ஊரின் பிள்ளைகள் இவற்றைப் புத்தகப் படத்தில் மட்டும் படிப்பது அநியாயம். விடுமுறையானாலும் சரி, ஏப்ரல் 12 நண்பகலில் ஒவ்வொரு பாடசாலை முற்றத்திலும் ஒரு கம்பை நேராக நட்டு, பிள்ளைகளை அழைத்து நிழலை அளக்கச் சொல்லுங்கள்.