களிமண் திராட்சைக்குக் கிடைத்த குரல்

ராக் இசைன்னா நம்ம கல்லூரித் தோழர்களுக்கு ஞாபகம் வருவது நீளமுடி வளர்த்த நாலு வெள்ளைக்காரப் பையன்களும் ஒரு கிடாரும்தான். அது கறுப்பர்களின் ப்ளூஸிலிருந்து வந்ததுப்பா என்றால், ‘தெரியுமே’ என்பார்கள். தெரியும்தான். அறைச் சுவரில் ஜிமி ஹென்றிக்ஸ் படத்தையும் ஒட்டியிருப்பார்கள். அந்த ஹென்றிக்ஸின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, டிரம்ஸ் அடித்துக்கொண்டே தொண்டை கிழியப் பாடின பட்டி மைல்ஸ் யாருன்னு கேட்டுப் பாருங்கள்.

1947இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் பிறந்தவர். 1919இல் வில் பிரவுன் என்கிற கறுப்புத் தொழிலாளியை நீதிமன்றத்திலிருந்து இழுத்து வந்து வெள்ளைக் கும்பல் கொன்று எரித்த ஊர். 1925இல் மால்கம் எக்ஸ் பிறந்ததும் அங்கேதான். மைல்ஸின் அப்பா ஜாஸ் குழுக்களில் டபுள் பேஸ் வாசித்தவர். அப்பாவின் குழுவில் மகன் டிரம்ஸ் அடிக்கத் தொடங்கியபோது வயசு 12.

கறுப்பன் கையில் தோல்கருவி என்பது அமெரிக்காவில் சாதாரண விஷயமில்லை. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் அடிமைகள் முரசடித்துக்கொண்டே கலகத்துக்குக் கிளம்பினார்கள். மறுவருஷமே, அடிமை முரசு வைத்திருப்பதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. அடிக்கிறவனைப் பார்த்து ஆளுகிறவனுக்கு வருகிற பயமும் அருவருப்பும் நமக்குப் புதுசா? ஒதுக்கப்பட்டவனைக் குறிக்க ஆங்கிலத்தில் புழங்கும் ‘பரையா’ என்ற சொல்லே நம்ம பறையோடு சேர்ந்து கப்பலேறியதுதான்.

மைல்ஸ் 1967இல் ‘எலக்ட்ரிக் ஃப்ளாக்’ குழுவில் சேர்ந்தார். வெள்ளையரும் கறுப்பரும் கலந்த குழு அது. அப்புறம் சொந்தக் குழு. இதையெல்லாம் விட முக்கியமானது 1969 டிசம்பர் 31. நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஹென்றிக்ஸ், பட்டாளத்தில் அவரோடு இருந்த பில்லி காக்ஸ், மைல்ஸ் என்று மூன்று கறுப்பர்கள் மேடையேறினார்கள். 1969 ஜூன் வரை ஹென்றிக்ஸுக்குப் பக்கவாத்தியம் இரண்டு இங்கிலாந்து வெள்ளையர்கள். இரண்டு ராத்திரி, நாலு நிகழ்ச்சி. ‘மெஷின் கன்’ பாட்டைச் சிகாகோ, மில்வாக்கி, நியூயார்க் தெருக்களில் போராடும் ‘சிப்பாய்’களுக்கென்று சொல்லிவிட்டு, வியட்நாமை அதற்கப்புறம்தான் சொன்னார் ஹென்றிக்ஸ். அந்தப் பாட்டில் துப்பாக்கி சுடுவது கிடார் மட்டுமில்லை. மைல்ஸின் குச்சியும்தான். படபடன்னு நெஞ்சுக்குள்ள இறங்கும்.

ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. 1970 ஜனவரி 28, மேடிசன் ஸ்கொயர் கார்டன். வியட்நாம் போரை எதிர்த்து நடந்த நிகழ்ச்சி. ஹென்றிக்ஸ் இரண்டாவது பாட்டிலேயே நிறுத்திவிட்டார். மேலாளர் மைக்கேல் ஜெஃப்ரி, மைல்ஸை வேலையை விட்டுத் தூக்கினார். முழுக் கறுப்புக் குழு என்பதே அந்த ஆளுக்குப் பிடிக்கவில்லை என்று மைல்ஸ் பின்னாளில் சொன்னார். நான் நம்புகிறேன். கொஞ்ச நாளில் பழைய வெள்ளை டிரம்மர் திரும்பி வந்துவிட்டார்.

ஆனா பழி முழுவதையும் ஜெஃப்ரி தலையில் கட்ட முடியாது. ஃபில்மோர் இசைத்தட்டின் ஆறு பாட்டில் இரண்டு மைல்ஸ் எழுதியவை. அதைத் தொகுத்தபோது மைல்ஸ் பாடிய பகுதிகளில் நிறைய வெட்டியது ஹென்றிக்ஸேதான். ரொம்ப நீளமாப் பாடுறான், ஜனங்களைக் கைதட்டச் சொல்லிக்கிட்டே இருக்கான் என்று அலுப்பு. 2019இல் அந்த நிகழ்ச்சிகள் ஏறக்குறைய முழுசாக வெளிவந்தன. கேட்டால் அலுப்பு நியாயம்னுகூடத் தோணும். எனக்கு அப்படித் தோணல. அது தேவாலயத்தில் ஒருத்தர் கூப்பிட, சபை திருப்பிச் சொல்லுகிற முறை. ஜனங்களைக் கேட்கிறவர்களாக மட்டும் விட மனசில்லாதவன் பாட்டு. நம்ம மாநாடுகளில் பறையடித்துக் கூட்டம் சேர்க்கிற தோழர்கள், தலைவர் மைக்கைப் பிடித்ததும் மேடைக்குப் பின்னால் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். யாரும் போகச் சொல்வதில்லை. இருக்கச் சொல்வதும் இல்லை.

1970இலேயே ‘தெம் சேஞ்சஸ்’ என்ற சொந்த இசைத்தட்டு மைல்ஸுக்குப் பேர் வாங்கித் தந்தது. பிறகு சரிவு. எழுபதுகளின் கடைசியில் திருட்டு வழக்குகளில் கலிஃபோர்னியா சிறைக்குப் போனார். அங்கேயும் கைதிகளைச் சேர்த்து ஒரு குழு கட்டினார்.

வெளியே வந்தவருக்கு என்ன வேலை கிடைத்தது? 1986இல் கலிஃபோர்னியா உலர்திராட்சைக்குத் தொலைக்காட்சி விளம்பரம். களிமண்ணில் செய்த சுருக்கம் விழுந்த கரிய திராட்சைகள் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கையுறையும் மாட்டிக்கொண்டு ஆடும். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி, அதே மாதிரி கையுறை போட்டு, கறுப்பர்களை நையாண்டி பண்ணின பழைய மேடைக் கூத்து ஞாபகம் வராமல் போகாது. மார்வின் கே 1968இல் புகழாக்கிய பாட்டு, குரல் பட்டி மைல்ஸ். நாடு முழுக்கக் குழந்தைகள் பாடின. திராட்சைப் பொம்மைகளைப் பர்கர் கடையில் விற்றார்கள்.

2008 பிப்ரவரியில் டெக்சாஸின் ஆஸ்டினில் செத்துப்போனபோது மைல்ஸுக்கு வயசு 60. ஹென்றிக்ஸின் டிரம்மர் மரணம் என்றுதான் செய்தி போட்டார்கள்.